வயிற்றில் பிள்ளை, சிறுநீரகத்தின் மேல் கட்டி: எதை முதலில் செய்வது?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இது அவருக்கு இரண்டாவது கர்ப்பம், இப்போது 18 வாரம். மூத்தவள் நான்கு வயதுப் பெண் குழந்தை. இரண்டு வருடமாக அவருக்குத் திடீர் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஜாக்கெட் நனையும் அளவுக்கு வேர்க்கிறது, முகம் வெளுத்துப் போகிறது. கால் மணி, இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மாமியார், ‘எதையோ பார்த்துப் பயந்திருப்பாள்’ என்று இவரை மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார். ஒரு டாக்டர் டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். கர்ப்பமான பிறகு இது அடிக்கடி வருகிறது, மல்லாந்து படுத்தாலே வருகிறது. ஒருமுறை பி.பி. 190/120 இருந்தது, அரை மணி கழித்துப் பார்த்தால் 120/80. லேபெட்டலால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்த ஒரு தாக்குதல் முன்பைவிட மோசமாக இருந்திருக்கிறது. வயிற்று ஸ்கேனில் வலது சிறுநீரகத்துக்கு மேலே ஏதோ இருப்பதாகச் சொல்லி நகரத்துக்கு அனுப்ப, எம்.ஆர்.ஐ.யில் 4.5 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையில் மெட்டாநெஃப்ரின் என்ற பொருள் இருக்கவேண்டிய அளவைப்போல் ஆறு மடங்கு. ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினல் சுரப்பியில் வரும், ஹார்மோன் கொட்டும் கட்டி) என்று எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் பெரிய மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கலைத்துவிட்டுக் கட்டியை எடுக்கலாம் என்கிறார் நாத்தனார். வயிற்றுப் பிள்ளையோடு கத்தி வைக்கவே கூடாது, மாத்திரையில் ஓட்டிப் பிரசவம் முடியட்டும் என்கிறார் மாமியார். மருந்துக் கடை வைத்திருக்கும் உறவினர், முதலில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் புற்றுநோயா என்று பார்க்கச் சொல்கிறார். கணவர் எதுவும் பேசுவதில்லை. கடிதத்தின் கடைசிப் பத்தியில், கேட்டவர்களுக்குச் சொல்வதுபோல், அப்பாவுக்கு எட்டு வருடத்துக்கு முன் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது என்றும், அப்பாவின் தங்கை 34 வயதில் பி.பி. ஏறித் திடீரென்று இறந்துபோனார் என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக உங்களுக்கு வந்தது பயமும் இல்லை, டென்ஷனும் இல்லை. தலைவலி, படபடப்பு, வேர்வை மூன்றும் சேர்ந்து வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுவது இந்தக் கட்டியின் அடையாளமாக மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். ஆனால் கட்டியே மிக அரிது. கர்ப்பிணிகளில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான் வரும். வாழ்நாள் முழுக்கப் பிரசவம் பார்த்த மருத்துவர்கள்கூட ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அதனால் முதலில் பார்த்தவர்கள் கோட்டை விட்டதில் பெரிய ஆச்சரியம் இல்லை. உங்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எதற்கும் பெரிய இடத்தில் காட்டுங்கள் என்று சொன்னாரே, அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் குல்லா வைத்ததுபோல் ஆளுக்கொரு அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கும். நாய் துரத்தும்போது இதயம் அடித்துக்கொள்வதும் உள்ளங்கை வேர்ப்பதும் இவற்றால்தான். உங்கள் கட்டி அதே ஹார்மோன்களைத் தன் இஷ்டத்துக்கு, நாயே இல்லாத நேரத்தில், அளவில்லாமல் ரத்தத்தில் கொட்டுகிறது. மெட்டாநெஃப்ரின் என்பது அட்ரினலின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள். அதனால்தான் சிறுநீரில் அதை அளந்தார்கள். கர்ப்பத்தால் அது இவ்வளவு ஏறாது. லேபெட்டலால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிறுநீர் கொடுத்திருக்கிறீர்கள். சில பரிசோதனை முறைகளில் அந்த மாத்திரை அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். எம்.ஆர்.ஐ.யிலும் கட்டி தெரிவதால் உங்கள் விஷயத்தில் சந்தேகம் குறைவு. இருந்தாலும் எந்த மாத்திரையில் இருந்தபோது எடுத்த பரிசோதனை என்பதைப் போகிற இடத்தில் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் ரத்தத்திலும் பார்ப்பார்கள். அப்போது இருபது, முப்பது நிமிடம் அமைதியாகப் படுக்கவைத்துவிட்டுத்தான் ரத்தம் எடுக்கவேண்டும். அவசரமாக உட்காரவைத்து எடுத்தால் அளவு கூடிவிடும்.

கர்ப்பத்தில் இது மோசமானதற்கும் காரணம் இருக்கிறது. வளரும் கர்ப்பப்பை கட்டியை அழுத்துகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் அழுத்துகிறது. ஒருக்களித்துப் படுங்கள், எந்தப் பக்கம் தொந்தரவு குறைவோ அந்தப் பக்கம். வலது விலாவுக்குக் கீழே யாரும் தேய்ப்பதோ அமுக்குவதோ கூடாது. எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பாட்டிமார் இருந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள்.

வழக்கமான கர்ப்பகால பி.பி. 20 வாரத்துக்குப் பிறகுதான் வரும். சிலருக்குச் சிறுநீரில் புரதமும் போகும். இப்படி அரை மணியில் ஏறி இறங்கி விளையாடாது. இந்த வித்தியாசத்தை நீங்களே சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்குப் புதிதாக ஒரு டாக்டர் உங்களைப் பார்க்கும்போது, கர்ப்ப பி.பி.தானே என்று தொடங்கிவிட வாய்ப்பிருக்கிறது.

பிழைப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கட்டி இருப்பது தெரியாமலே பிரசவ வலிக்கோ ஆபரேஷனுக்கோ போன தாய்மார்களில் பாதிக்கு நெருக்கமானோர் இறந்துபோன காலம் இருந்தது. இணையத்தில் நீங்கள் பார்த்துப் பயந்தது அந்தக் கணக்கைத்தான். முன்கூட்டியே கண்டுபிடித்து மருந்து கொடுத்த இடங்களில் தாயின் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பல நாட்டு நோயாளிகளின் பதிவுகளையும் பழைய மருத்துவக் கட்டுரைகளையும் சேர்த்து இப்படிப்பட்ட 249 கர்ப்பங்களை அலசியது. கட்டி இருப்பதே தெரியாமல் கர்ப்பம் முழுக்கப் போனவர்களுக்குத் தாயையோ சேயையோ இழக்கும் வாய்ப்பு 27 மடங்கு அதிகமாக இருந்தது. நீங்கள் 18-ஆம் வாரத்திலேயே அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது வரிசை. எது முதலில், எது பிறகு என்பதில் தப்பு நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நிலைமையில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சொல்லப்படும் மூன்று யோசனைகளுமே இந்த வரிசையைத்தான் குழப்புகின்றன.

முதல் மாத்திரை எது?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆல்ஃபா பிளாக்கர் என்ற வகை மாத்திரை. பினாக்சிபென்சமின், பிரசோசின், டாக்சசோசின் மூன்றும் இந்த வகை. கிடைப்பதையும் உங்கள் உடல்நிலையையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது ஆல்ஃபா என்ற வாசல் வழியாக. இதயத்தை வேகமாக அடிக்கவைப்பதும் சில ரத்தக் குழாய்களை விரிப்பதும் பீட்டா என்ற வாசல் வழியாக. ஆல்ஃபாவைத் திறந்தே வைத்துவிட்டு பீட்டாவை மட்டும் அடைத்தால் விரிக்கும் வேலை நின்றுபோய், சுருக்கும் வேலை மட்டும் தடையில்லாமல் நடக்கும். பி.பி. எகிறும். லேபெட்டலால் இரண்டையும் அடைக்கும் மருந்து என்றாலும் பீட்டாவை அடைப்பதுதான் அதில் தூக்கல். நீங்கள் எழுதியிருக்கும் அந்த மோசமான தாக்குதலுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். கொடுத்தவரைக் குறை சொல்லமாட்டேன். சாதாரணக் கர்ப்ப பி.பி.க்கு உலகம் முழுக்க முதலில் கொடுக்கும் மாத்திரைகளில் அது ஒன்று. மெத்தில்டோபாவும் அப்படித்தான், ஆனால் இந்தக் கட்டிக்கு அதுவும் உதவாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வாரம்வரை காத்திருக்கவும் வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரையோ, அனுப்பிவைக்கச் சொன்ன மருத்துவமனையையோ நாளைக்கே தொடர்புகொண்டு, ‘கட்டி உறுதியான பிறகும் லேபெட்டலாலில்தான் இருக்கிறேன், ஆல்ஃபா பிளாக்கர் இன்னும் தொடங்கவில்லை, என்ன செய்ய?’ என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், அவர்களுக்குப் புரியும். பெரும்பாலும் உடனே வந்து படுக்கச் சொல்வார்கள். போய்விடுங்கள்.

பிரசோசின் கொடுத்தால் முதல் வேளையை ராத்திரி படுக்கைக்குப் போனபின் போடச் சொல்வார்கள். முதல் மாத்திரையில் எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்துவிடுவோர் உண்டு. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை என்று பி.பி. பார்ப்பார்கள். ரொம்பவும் இறக்கிவிட்டால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும் என்பதால் நிதானமாகத்தான் கூட்டமுடியும். இதயத் துடிப்பு அதிகமாக இருந்தால் சில நாள் கழித்து, ஆல்ஃபா நன்றாக அடைபட்ட பிறகு மட்டும், பீட்டா மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

அப்புறம் உப்பு. பி.பி. என்றதும் உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் கதை தலைகீழ். ரத்தக் குழாய்கள் மாதக்கணக்காகச் சுருங்கியே இருந்ததால் உடலில் நீர் குறைந்துபோயிருக்கும். ஆல்ஃபா மாத்திரை தொடங்கி அவை விரிய ஆரம்பித்ததும், உப்பும் தண்ணீரும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். மாத்திரை தொடங்கிய பிறகு, டாக்டர் சொன்ன பிறகுதான். இன்றைக்கே ஊறுகாய் ஜாடியைத் திறக்கவேண்டாம்.

ஊசி விட்டுச் சதை எடுக்கும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். இந்தக் கட்டியில் ஊசி குத்தினால் ஹார்மோன் மொத்தமாகக் கொட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசிச் சதையை வைத்து இது பரவுமா பரவாதா என்று சொல்லவும் முடியாது. இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை வேறு இடத்துக்குப் பரவாமல் இருந்த இடத்திலேயே இருப்பவை. ஒரு சிறு பங்கு பரவும். எடுத்த பிறகும் வருடாவருடம் பரிசோதனை செய்துகொண்டே இருக்கவேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான்.

கலைத்துவிட்டால் சுலபமா?

நாத்தனார் உங்கள் உயிரை நினைத்துத்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கருக்கலைப்பு என்பது இந்த நோயில் குறுக்குவழி இல்லை. 18 வாரத்தில் அதுவும் வலி வரவைத்துச் செய்யும் காரியம், அல்லது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் காரியம். ஆல்ஃபா மாத்திரை போட்டுத் தயார் செய்யாத உடம்பில் இரண்டுமே கட்டியைத் தூண்டிவிடும். ஆபரேஷனுக்கு வேண்டிய அதே இரண்டு வார முன்னேற்பாடு இதற்கும் வேண்டும். அவசரமாகப் பக்கத்து நர்சிங் ஹோமில் முடித்துக்கொள்வதுதான் நான் இதில் மிகவும் பயப்படுவது. தெரியாத இடத்தில் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது அதைவிட மோசம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம்வரை, கர்ப்பம் தொடர்வது தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரிய கேடு என்று தகுதி பெற்ற ஒரு மருத்துவர் கருதினால் செய்யலாம். 20 முதல் 24 வாரம்வரை விதிகளில் சொல்லப்பட்ட சில பிரிவினருக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தே தீரவேண்டும் என்ற நிலையில் வார வரம்பு கிடையாது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், நாத்தனார் யாருடைய சம்மதமும் சட்டத்துக்குத் தேவையில்லை. இது இரண்டு பக்கமும் வெட்டும். உங்களுக்கு விருப்பமில்லாமல் யாரும் கலைக்கவைக்க முடியாது, நீங்கள் முடிவெடுத்தால் யாரும் தடுக்கவும் முடியாது. கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்கும் உங்கள் கையெழுத்துதான் சட்டப்படி முக்கியம். கணவரின் கையெழுத்தைக் கேட்பது மருத்துவமனைகளின் பழக்கம்.

இந்தக் குழந்தை வேண்டும் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ ரீதியாக அதற்கு இடம் இருக்கிறது. கட்டியின் ஹார்மோன் குழந்தைக்குள் போய்விடுமே என்ற உங்கள் கவலைக்கும் பதில் உண்டு. நஞ்சுக்கொடியில் இருக்கும் நொதிகள் அட்ரினலினின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவதால் குழந்தைக்கு மிகக் கொஞ்சமே போகும். குழந்தைக்கு வரும் ஆபத்து வேறு வழியில். தாக்குதலின்போது கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்குவதால் வளர்ச்சி குறையலாம், நஞ்சுக்கொடி பிரிந்துவிடலாம். தாக்குதல்களை மருந்தால் அடக்கினால் இதுவும் அடங்கும். அதனால் ஆல்ஃபா மாத்திரை உங்களுக்கு மட்டுமான மருந்து இல்லை. கூடவே குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் வழக்கத்தைவிட அடிக்கடி பார்ப்பார்கள்.

ஆபரேஷன் இப்போதா, பிறகா?

உங்கள் மாமியாரின் பேச்சில் பாதி சரி. கர்ப்பத்தில் கத்தி வைக்கவே கூடாது என்பது சரியில்லை. நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள், பொதுவாக 24 வாரத்துக்கு முன், அட்ரினல் கட்டியைச் சிறு துளைகள் வழியாக எடுக்கமுடியும். அதற்குப் பிறகு கர்ப்பப்பை பெரிதாகி மறைத்துவிடும், அப்போது பிரசவம்வரை மருந்தில் கொண்டுபோவார்கள். பிரசவம்வரை மருந்தில் ஓட்டலாம் என்று மாமியார் சொல்வதும் முட்டாள்தனமான பேச்சு இல்லை. நான் மேலே சொன்ன 2021 ஆய்வில், கர்ப்பத்திலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பிரசவம்வரை தள்ளிப்போட்டவர்களைவிட நல்ல பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆல்ஃபா மாத்திரை சாப்பிட்டார்களா என்பதுதான் பலனை மாற்றியது. அவர் சொல்லும் மாத்திரை எது என்பதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. கணக்கு இப்படி வரும். இன்றோ நாளையோ ஆல்ஃபா மாத்திரை தொடங்கினால், குறைந்தது பத்திலிருந்து பதினான்கு நாள் தயாரிப்பு முடிய 20, 21 வாரம் ஆகும். அன்றைக்கு உட்கார்ந்து முடிவெடுக்கலாம். தாக்குதல்கள் முழுக்க நின்று, பி.பி. அடங்கி, குழந்தையும் நன்றாக வளர்ந்தால் தள்ளிப்போடுவது நியாயமான வழி. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் தாக்குதல் வருகிறது என்றால் 24 வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது.

என் சாய்வைக் கேட்டால், மருந்து நன்றாக வேலை செய்தாலும் உங்கள் விஷயத்தில் 22, 23 வாரத்தில் எடுப்பதைப் பற்றித் தீவிரமாக யோசிப்பேன். காரணம் கட்டி மட்டும் அல்ல. உங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் மாதம் நள்ளிரவில் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ, இந்த நோயைக் கேள்விப்பட்டே இராத இடத்தில்தான் முதலில் போய் நிற்கவேண்டியிருக்கும். நகரத்துக்குள்ளேயே வசிப்பவருக்கு நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். தள்ளிப்போடுவது என்று முடிவானால், ஏழாம் மாதத்திலிருந்தே மருத்துவமனைக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதைத்தான் கணவரிடம் முதலில் பேசவேண்டும். பேசாமல் இருப்பவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் சில சமயம் பேச்சு வந்துவிடும்.

ஆபரேஷனில் அபாயம் இல்லையா என்றால், இருக்கிறது. கட்டியைத் தொடும்போது பி.பி. ஏறும். எடுத்த உடனே சட்டென்று இறங்கும், ரத்தச் சர்க்கரையும் இறங்கலாம். அதனால் ஒன்றிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்ப்பார்கள். கர்ப்பத்தில் எந்த வயிற்று ஆபரேஷனிலும் இருப்பதுபோல் கரு கலைந்துவிடும் சாத்தியமும் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டியில் அனுபவமுள்ள அறுவை நிபுணரும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடம் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறைகள் இருக்கின்றன. உங்களை அனுப்பும் மருத்துவமனையில் இந்த வசதி இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்கவேண்டுமா என்பதற்கு, கட்டியை முன்பே எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை. கட்டியோடு பிரசவம் என்றால் பல மருத்துவர்கள் திட்டமிட்ட சிசேரியனையே விரும்புவார்கள். ஆனால் நன்றாக ஆல்ஃபா மருந்தில் இருப்பவர்களுக்கு சிசேரியன்தான் மேலானது என்று மேற்சொன்ன ஆய்வு காட்டவில்லை. அதைக் குழுவோடு பேசி முடிவு செய்யலாம்.

அப்பாவின் கழுத்து ஆபரேஷன்

கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியதைத்தான் நான் இரண்டுமுறை படித்தேன். இவ்வகைக் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் பரம்பரையாக வருபவை. 1886-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு இரண்டு அட்ரினலிலும் கட்டி இருந்ததை ஃபிராங்கல் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். இந்த நோயின் முதல் விவரிப்பு என்று அதைத்தான் சொல்வார்கள். நூற்றிருபது வருடம் கழித்து, அந்தப் பெண்ணின் குடும்ப வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, அவர்களிடம் ‘ரெட்’ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் உள்ள குடும்பங்களில் இரண்டு நோய்கள் சேர்ந்து ஓடும். ஒன்று இந்த அட்ரினல் கட்டி. இன்னொன்று தைராய்டில் வரும் மெடுல்லரி என்ற வகைப் புற்றுநோய்.

அப்பாவுக்கு எடுத்தது சாதாரணத் தைராய்டு வீக்கமாகவே இருக்கலாம், அது ஊரெல்லாம் இருப்பது. ஆனால் அத்தை 34 வயதில் பி.பி. ஏறி இறந்ததையும், உங்கள் பரிசோதனையில் ஏறியிருப்பது அட்ரினலினின் சிதைவுப் பொருள் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, கேட்காமல் விடமுடியாது. அப்பாவின் ஆபரேஷன் சம்பந்தமாக வீட்டில் இருக்கும் எல்லாத் தாள்களையும் தேடி எடுங்கள். வேண்டியது பயாப்சி ரிப்போர்ட். மருத்துவமனைகள் உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம்தான் கட்டாயமாக வைத்திருக்கவேண்டும் என்பதால் அங்கே கிடைக்காமல் போகலாம். ரிப்போர்ட் கொடுத்த ஆய்வகத்திலும் கேட்டுப் பாருங்கள். உங்களுடைய ரிப்போர்ட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. நான்கு வருடத்துக்கு முந்தைய பிரசவத்தில் மேசையிலேயே பி.பி. ஏறியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குறிப்பு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

மருத்துவமனையில் மூன்று விஷயம் கேளுங்கள்: இடது அட்ரினலும் சுத்தமாக இருக்கிறதா, மெடுல்லரி புற்று இருக்கிறதா என்று பார்க்கும் கால்சிட்டோனின் ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் செய்யலாமா, மரபணுப் பரிசோதனை எப்போது. கழுத்தில் ஏதாவது இருந்தாலும் முதலில் போகவேண்டியது அட்ரினல் கட்டிதான். அது உள்ளே இருக்கும்போது வேறு எந்த ஆபரேஷனுக்கும் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. இரண்டு பக்கமும் கட்டி இருந்தால், சுரப்பியின் வெளிப்பகுதியைக் கொஞ்சம் மிச்சம் வைத்து எடுக்கமுடியுமா என்று பார்ப்பார்கள். முழுக்க எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும்.

உங்களுக்கு மரபணு மாற்றம் உறுதியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கு வயதுப் பெண்ணை நினைத்து நெஞ்சு பதறும் என்று தெரியும். ஆனால் தெரிந்துகொள்வதால் அவளுக்கு லாபம்தான். இந்த மாற்றத்தின் சில வகைகளில், தைராய்டில் புற்று பரவும் முன்னரே, ஐந்து வயதுக்குள் சுரப்பியை எடுத்துவிட்டு மாத்திரையோடு சாதாரணமாக வாழவைக்கமுடிகிறது. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும், அதுவும் உங்கள் முடிவு வந்த பிறகு. அப்பாவையும் கூடப் பிறந்தவர்களையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கைப்பையில் ஒரு தாள்

தாய் சேய் நல அட்டையோடு ஒரு தாளை மடித்து வையுங்கள். மேலே பெரிய எழுத்தில் நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், பார்க்கும் மருத்துவரின் எண். அதற்குக் கீழே, அவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாதவை. வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி இதில் முதலில் வரும். அது கட்டியைக் கிளப்பிவிடும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில் எர்கோமெட்ரின், பி.பி. இறங்கினால் ஏற்றப் போடும் எஃபெட்ரின், மயக்கத்துக்கான கீட்டமின் இவையும் அப்படியே. குறைமாதப் பிரசவம் வரும்போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சிலருக்குத் தாக்குதலைக் கொண்டுவந்திருக்கிறது. அது குழந்தைக்குத் தேவையான மருந்து என்பதால் கூடாது என்று சொல்லமுடியாது, நிபுணரைக் கேட்டு, ஆல்ஃபா மருந்தில் இருக்கும்போது, கண்காணிப்போடு போடவேண்டும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கவேண்டாம். உங்கள் மருந்துக் கடை உறவினரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் இந்தத் தாளின் நகல் ஒன்று இருக்கட்டும். தாக்குதல் வழக்கமான இருபது நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், வலிப்பு, ரத்தப்போக்கு, தாங்கமுடியாத வயிற்று வலி இவற்றில் ஒன்று வந்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டியில் ஏறும்போதே தாளைக் காட்டிவிடுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்திலேயே கட்டியை எடுத்துவிட்டால், பிரசவத்தின்போது இந்த மாத்திரை எதுவுமே இருக்காது, தாராளமாகக் கொடுக்கலாம். மாத்திரையோடு பிரசவமானால் எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பினாக்சிபென்சமின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவதால், பிறந்த குழந்தைக்கு பி.பி. இறங்குகிறதா, மூச்சு சரியாக விடுகிறதா என்று முதல் சில நாள் குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பால் கொடுப்பதைப் பற்றியும் அவரே சொல்வார்.